பாராசைட்: விமர்சனங்கள் தாண்டிப் போன மூன்றாவது குடும்பம்

கேள்வி சுருக்கமாக இதுதான்: 2019இல் வந்த கொரியப் படமான 'பாராசைட்'டை வர்க்க பேதத்தைப் பற்றிய மகத்தான படம் என்று விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் படத்தைப் பார்த்தால் ஏழைக் குடும்பம் பொய்யும் புரட்டுமாக இருக்கிறது, பணக்காரக் குடும்பம் யாருக்கும் கெடுதல் நினைக்காத நல்ல மனிதர்களாக இருக்கிறது. அப்படியென்றால் இது ஏழைகளைக் கேவலப்படுத்தும் படம்தானே, இதைப் போய் ஏன் இவ்வளவு புகழ்ந்தார்கள்? கடைசியில், இது நம்முடைய 'மின்சார கண்ணா'வைப் பார்த்து எடுத்ததா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முழுக் கதையையும் தொடாமல் இதற்குப் பதில் எழுத வழியில்லை. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசியுங்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகழ்ந்தவர்கள் சரியாகத்தான் புகழ்ந்தார்கள், ஆனால் முதலில் வந்த விமர்சனங்களில் பெரும்பாலானவை படத்தின் முன்பாதியோடு நின்றுவிட்டன. உங்கள் கேள்விக்கான விடை பின்பாதியில் இருக்கிறது. இந்தப் படத்தில் மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று, உறவை மறைத்துப் பொய் சொல்லி ஒவ்வொருவராக ஒரு பெரிய வீட்டில் வேலைக்குச் சேரும் ஏழைக் கிம் குடும்பம். இரண்டாவது, அந்த வீட்டுக்காரர்களான பணக்காரப் பார்க் குடும்பம். மூன்றாவது, அந்த வீட்டில் வேலைக்கு நின்ற மூன்-குவாங்கும் நிலவறையில் ஒளிந்திருந்த அவள் கணவன் குன்-சேயும். அவர்களை மறந்துவிட்டுப் பார்த்தால் உங்களுக்குத் தோன்றியதுதான் எவருக்கும் தோன்றும்.

வரவேற்பின் கதை தெரிந்ததுதான், வேகமாகச் சொல்கிறேன். 2019 மே மாதம் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது, அதுவும் நடுவர்கள் ஏகமனதாகக் கொடுத்தது. கொரியப் படம் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை. சொந்த நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட டிக்கெட் விற்றது. 2020 பெப்ரவரியில் ஆறு பரிந்துரைகளில் நான்கு ஒஸ்கார்: சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, சர்வதேசப் படம். ஆங்கிலம் அல்லாத மொழிப் படம் ஒன்று சிறந்த படமாக வந்தது ஒஸ்கார் வரலாற்றிலேயே முதல் முறை. உலகம் முழுக்க வசூல் 25 கோடி டொலரைத் தாண்டியது.

இதைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது, அதை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. கான் விழாவில் பத்திரிகையாளர்களுக்குக் கொடுத்த குறிப்புகளோடு இயக்குநர் பாங் ஜூன்-ஹோ ஒரு வேண்டுகோளும் வைத்திருந்தார்: அண்ணனும் தங்கையும் அந்தப் பணக்கார வீட்டில் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதைத் தயவுசெய்து எழுதாதீர்கள். விமர்சகர்கள் மரியாதையாக அதற்குக் கட்டுப்பட்டார்கள். ரசிகனுக்கு அது நல்லது. ஆனால் விமர்சனத்துக்கு என்ன ஆயிற்று? கிம் குடும்பம், பார்க் குடும்பம், ஒன்று கீழே, ஒன்று மேலே, நடுவில் படிக்கட்டு என்பதோடு எழுத்து நின்றுவிட்டது. மழை இரவில் மணியை அடிக்கும் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது, எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் 'ஏழை எதிர் பணக்காரன்' என்ற தலைப்போடுதான் படம் ஊர் ஊராகப் போனது. நம்மிடமும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. அந்தத் தலைப்பை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கிறவருக்கு ஏமாற்றமாக இருப்பதில் வியப்பில்லை, ஏனென்றால் படத்தில் பணக்காரர்களோடு ஏழைகள் சண்டை போடுவதே இல்லை. கடைசி சில நிமிடங்கள் தவிர முழுச் சண்டையும் ஏழைக்கும் ஏழைக்கும் நடுவில்தான்.

அந்த மழை இரவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். வீட்டுக்காரர்கள் பயணம் போய்விட்டார்கள், கிம் குடும்பம் அவர்களுடைய மதுவைக் குடித்துக்கொண்டு வரவேற்பறையில் சாய்ந்து கிடக்கிறது. அப்பா கி-டேக் குடிபோதையில், நாம் சூழ்ச்சி செய்து வேலையை விட்டுத் துரத்திய அந்த டிரைவர் பெடியனுக்கு இப்போது வேறு வேலை கிடைத்திருக்குமா என்று யோசிக்கிறார். மகளுக்குக் கோபம் வந்துவிடுகிறது. அவனைப் பற்றி ஏன் கவலை, நம்மைப் பற்றிக் கவலைப்படுங்கள் என்று கத்துகிறாள். சரியாக அந்த நேரம் வெளியே இடி இடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடிக்கிறது. வந்திருப்பது அவர்கள் காசநோய் என்று கதை கட்டித் துரத்திவிட்ட மூன்-குவாங். அந்த வீட்டைக் கட்டிய கட்டடக்கலைஞர் குடியிருந்த காலத்திலிருந்து அங்கே வேலைக்கு நின்றவள், வீடு கைமாறியபோது வீட்டோடு சேர்ந்து அவளும் கைமாறினாள்.

நிலவறைக் கதவு திறந்த பிறகு அவள், கிம் குடும்பத்து அம்மாவும் புதிய வேலைக்காரியுமான சுங்-சூக்கின் முன்னால் மன்றாடுகிறாள். அக்கா என்று கூப்பிடுகிறாள். நாம் இரண்டு பேரும் கஷ்டப்பட்டவர்கள்தானே, காசு தருகிறேன், கீழே இருக்கும் மனிதனுக்குச் சாப்பாடு மட்டும் போட்டால் போதும் என்கிறாள். சுங்-சூக் என்ன செய்கிறாள்? நான் ஒன்றும் கஷ்டப்பட்டவள் இல்லை, என்னை அக்கா என்று கூப்பிடாதே என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் பொலிசைக் கூப்பிடப் போகிறாள். வேலைக்குச் சேர்ந்து எத்தனை நாள் ஆகியிருக்கும்? அதற்குள் அவள் வீட்டுக்காரியின் குரலில் பேசக் கற்றுவிட்டாள். சில நிமிடங்களில் கிம் குடும்பத்தின் குட்டு உடைந்து, இவர்கள் ஒரே குடும்பம் என்பதைக் காட்டும் வீடியோ மூன்-குவாங்கின் கைத்தொலைபேசியில் வந்ததும் எல்லாம் தலைகீழாகிறது, இப்போது அவள் மிரட்டுகிறாள், இவர்கள் முழங்காலில் நிற்கிறார்கள். மேலே இருந்த இடத்தில் யார் நின்றாலும் அந்தக் குரல் வருகிறது. இந்தக் காட்சியை எழுதியவர் ஏழைகளைக் கேவலப்படுத்த எழுதினார் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஒரே ஒரு இடம் காலியாக இருந்து அதற்கு ஆயிரம் பேர் நின்றால் மனிதருக்கு மனிதர் என்ன செய்துகொள்வார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. குன்-சே ஏன் நான்கு வருடத்துக்கும் மேலாக நிலத்துக்கடியில் கிடக்கிறான்? தைவான் பாணிக் கேக் கடை போட்டு நொடித்துப்போய், கந்துவட்டிக்காரர்களுக்குப் பயந்து. அதே மாதிரியான கேக் கடையில்தான் கி-டேக்கும் கையைச் சுட்டுக்கொண்டார். கொரியாவில் 2016, 17 வாக்கில் அந்தக் கேக் கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்து, ஒரேயடியாக மூடப்பட்டன; அந்த நாட்டுப் பார்வையாளருக்கு இது விளக்கம் தேவையில்லாத விஷயம். ஆக, இந்த இரண்டு ஆண்களும் சோம்பேறிகளோ பிறவி ஏமாற்றுக்காரர்களோ இல்லை. இரண்டு பேரும் சிறு முதல் போட்டு ஒரே மாதிரித் தோற்றவர்கள். ஒருவர் பாதி நிலத்துக்கடியில் இருக்கும் வீட்டில், மற்றவர் முழுக்க நிலத்துக்கடியில். வெளிநாட்டு விமர்சனங்களில் பல இந்த விவரத்தை ஒரு வேடிக்கையாகத் தாண்டிப் போய்விட்டன, எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம்.

பணக்காரர் நல்லவராக இருக்கிறார் என்கிறீர்கள். ஆம், இருக்கிறார். படத்துக்குள்ளேயே இந்தப் பேச்சு வருகிறது: பணம் இருந்தும் இந்த வீட்டம்மா எவ்வளவு நல்லவள் என்று கி-டேக் சொல்ல, பணம் இருப்பதால்தான் நல்லவள், எனக்கு இவ்வளவு பணம் இருந்தால் நான் இதைவிட நல்லவளாக இருப்பேன் என்கிறாள் மனைவி. வில்லத்தனமான முதலாளியைக் காட்டியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும், அவர் ஒருவரைத் திட்டிவிட்டு நாம் நிம்மதியாகத் தியேட்டரை விட்டு வெளியே வந்திருக்கலாம். பார்க் யாரையும் திட்டுவதில்லை, சம்பளத்தை இழுத்தடிப்பதில்லை. திருமதி பார்க் காரில் வந்துகொண்டே தொலைபேசியில், எட்டு நிமிடத்தில் வந்துவிடுவோம், மலிவான நூடுல்ஸில் விலையுயர்ந்த மாட்டிறைச்சியைப் போட்டுச் சமைத்து வை என்கிறாள், குரலில் ஒரு கடுமையும் இல்லை. அந்த எட்டு நிமிடத்துக்குள் கீழே இரண்டு குடும்பங்கள் உருண்டு புரண்டு அடித்துக்கொள்கின்றன. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது. படியேறி ஓடி வரும் மூன்-குவாங்கை சுங்-சூக் ஒரே உதையில் கீழே தள்ளுகிறாள், அவள் தலை சுவரில் மோதுகிறது. நூடுல்ஸ் நேரத்துக்கு மேசைக்கு வந்துவிடுகிறது. வீட்டுக்காரர்களுக்கு எதுவுமே தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை.

கிம் குடும்பத்தின் மேல் வீசுவதாகப் பார்க் குடும்பம் முகம் சுளிக்கும் வாடையைப் பற்றி எல்லா விமர்சனங்களும் எழுதின. ஆனால் பிறந்தநாள் விருந்தில் பார்க் மூக்கைப் பொத்துவது யாருடைய வாடைக்கு என்று திரும்பப் பாருங்கள். அது கி-டேக்கின் வாடை இல்லை, கீழே விழுந்து கிடக்கும் குன்-சேயின் வாடை. அவன் உடலுக்கடியில் மாட்டிக்கொண்ட கார்ச் சாவியை எடுக்கும்போதுதான் பார்க் அப்படிச் செய்கிறார். கி-டேக்கின் மகளைக் கத்தியால் குத்தியவன் அந்தக் குன்-சே. இருந்தும் கி-டேக்கின் கத்தி பாய்வது பார்க்கின் மேல். முதல் நாள் இரவு முழுக்க யாரோடு உயிர்போகச் சண்டை போட்டாரோ, அவனுக்கு நேர்ந்த அவமானம் தனக்கு நேர்ந்தது என்று அந்த ஒரு நொடியில் அவருக்குப் பட்டுவிடுகிறது. குன்-சேயோ பார்க்கைத் தெய்வமாகக் கும்பிட்டவன், அவர் படியேறும்போதெல்லாம் கீழேயிருந்து விளக்குப் போட்டு நன்றி சொன்னவன். பல விமர்சகர்கள் இந்தக் கொலையை நம்ப முடியவில்லை, திடீரென்று வருகிறது என்றார்கள். மூன்றாவது குடும்பத்தைக் கணக்கில் எடுத்தால் அது திடீரென்று வருவதில்லை.

இதை நான் கொழும்பில் இருந்து எழுதுகிறேன், அதனால் எனக்கு இந்தப் படம் வேறு எப்படியும் தெரிய வழியில்லை. இங்கே பழைய ஃபிளாட்களின் அமைப்பைப் பாருங்கள். சமையலறைக்குப் பின்னால் ஒரு கட்டில் மட்டும் போடக்கூடிய அறை, காற்றுக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல், பக்கத்தில் தனியாக ஒரு கக்கூஸ். அந்த அறையில் இருக்கிறவள் பெரும்பாலும் மலையகத்தில் ஏதாவது ஒரு தோட்டத்திலிருந்து தரகர் மூலமாகவோ தெரிந்தவர் மூலமாகவோ வந்தவள். அவளும் தமிழ்தான் பேசுகிறாள், வீட்டுக்காரர்களும் தமிழ்தான் பேசுகிறார்கள். அவளுக்கென்று ஒரு தட்டு, ஒரு கப் தனியாக இருக்கும். கேட்டால், எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் வைத்திருக்கிறோம் என்பார்கள், மனதாரச் சொல்வார்கள். 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஒரு கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் வீட்டு வேலையாட்களுக்கென்றே இருந்தது, அது அவர்களைப் பதிவு செய்து வைப்பதைப் பற்றியது. அவர்கள் உரிமையைப் பற்றிப் பேச அதற்கு அக்கறை இருக்கவில்லை.

கொழும்பில் தமிழர் அதிகம் வாழும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் நான் பேசிப் பார்த்த ஆட்களில் அநேகமாக எல்லாருமே தங்களைக் கிம் குடும்பத்தோடு சேர்த்துத்தான் பார்த்தார்கள். வாடகை, கடன், வெளிநாட்டுக்குப் போக முடியாத பிள்ளை, 2022க்குப் பிறகு ஏறிய விலைவாசி என்று காரணமும் சொன்னார்கள். பொய் இல்லை, நியாயமான காரணங்கள்தான். ஆனால் அந்த வீடுகளில் கதவைத் திறந்து எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தவள் இந்தப் படத்தில் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மேற்கத்தைய விமர்சகர்கள் இயக்குநரின் வேண்டுகோளால் மூன்-குவாங்கைப் பற்றி எழுதாமல் விட்டார்கள். நமக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் இருக்கவில்லையே. தமிழில் வந்த எழுத்துகளாவது அவளிடமிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அந்த வேடத்தில் நடித்த லீ ஜங்-யுன் முதல் காட்சியிலிருந்து அந்த வீட்டில் நடமாடும் விதத்தைப் பாருங்கள், எந்த அலமாரி எங்கே என்று பார்க்காமலே கை போகிறது. கி-டேக்காக நடித்த சொங் காங்-ஹோவின் நடிப்பைப் பற்றி எழுதிய அளவில் பாதி அவரைப் பற்றி எழுதியிருந்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

எதிர்த்து எழுதியவர்களிடம் நியாயமே இல்லையா? இருக்கிறது. நியூயோர்க்கர் சஞ்சிகையின் ரிச்சர்ட் பிரோடி, படம் மகத்துவத்தை எட்டவில்லை என்ற தலைப்பிலேயே எழுதினார். எல்லாம் அளவெடுத்து வைத்த மாதிரி இருக்கிறது, பாத்திரங்கள் கதைத் திட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன என்ற வகைக் குறையை நானும் ஓரளவு ஏற்கிறேன். பார்க் என்ன தொழில் செய்கிறார், அந்தப் பணம் எப்படி வருகிறது என்று படம் அக்கறையாகக் காட்டுவதில்லை. பணக்காரர் வீட்டைக் காட்டிய அளவுக்கு அவர்களுடைய அலுவலகத்தைக் காட்டவில்லை, செல்வம் எங்கே உண்டாகிறது என்ற கேள்வி வாசலிலேயே நின்றுவிடுகிறது. இது எனக்குச் சின்னக் குறையாகத் தெரியவில்லை.

சி.ஜே. என்ற பெரும் வர்த்தகக் குழுமத்தின் காசில் எடுத்த படம் முதலாளித்துவத்தைக் கண்டிக்கலாமா என்றும் கேட்டார்கள். ஒஸ்கார் மேடையில் சிறந்த பட விருது வாங்கும்போது பேசியவர்களில் ஒருவர் அந்தக் குழுமத்தின் துணைத் தலைவி, சாம்சுங்கை நிறுவியவரின் பேத்தி. கண்ணை உறுத்தும் காட்சிதான். ஆனால் அதே படத்தில் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கு முறையான தொழில் ஒப்பந்தம் போட்டு, வேலை நேர வரம்பை மதித்து எடுத்தார்கள் என்று கொரியப் பத்திரிகைகள் அப்போது பாராட்டின. கொரிய சினிமாவில் உதவி இயக்குநர்களும் லைட் போடுகிறவர்களும் பட்ட பாட்டை வைத்துப் பார்த்தால், எனக்கு மேடைப் பேச்சைவிட இந்தச் செய்தி பெரிதாகப் படுகிறது. தவிர, பாங் ஜூன்-ஹோ, ஜனாதிபதி பார்க் கியுன்-ஹேயின் அரசு தனக்குப் பிடிக்காத கலைஞர்களுக்கென்று வைத்திருந்த கறுப்புப் பட்டியலில் பெயர் இருந்தவர். ஒஸ்கார் வந்தவுடன் அவர் பிறந்த டேகு நகரத்தில் தேர்தலுக்கு நின்றவர்கள் அவர் பெயரில் அரும்பொருளகம் கட்டுவோம், சிலை வைப்போம் என்றார்கள். அதில் பழைய ஆளும் தரப்புக்காரர்களும் இருந்தார்கள்.

கொரியாவில் இந்தப் படம் பத்திரிகை விமர்சனத்தோடு நிற்கவில்லை. கிம் குடும்பம் இருப்பது போன்ற அரை நிலவறை வீடுகளில் சியோலைச் சுற்றி மூன்று லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் உண்மையாகவே வாழ்ந்தன. 1970இல் வட கொரியத் தாக்குதலுக்குப் பயந்து கட்டடங்களில் நிலவறை வைக்கச் சொன்னார்கள், பிறகு வீட்டுத் தட்டுப்பாடு வந்தபோது அவையே வாடகை வீடுகளாயின. படத்தில் பணக்காரர் வீட்டு நிலவறையும் அதே பயத்தில் கட்டியதுதான், ஒரே பயம் இருவருக்கும் இரண்டு விதமான அறைகளைக் கொடுத்திருக்கிறது. ஒஸ்காருக்குப் பிறகு சியோல் நகர நிர்வாகம் அப்படியான 1500 வீடுகளைத் திருத்த உதவி தருவதாக அறிவித்தது. அதே நேரம் படப்பிடிப்பு நடந்த ஏழைக் குடியிருப்புகளைச் சுற்றுலாப் பாதையாக்கி ஆட்களை அழைத்தது, அங்கே வாழ்கிறவர்கள் எங்கள் வறுமை காட்சிப் பொருளா என்று கேட்டார்கள். 2022 ஓகஸ்ட் பெருமழையில் சியோலில் இப்படியான ஒரு வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து ஒரே குடும்பத்தில் மூன்று பேர் வெளியேற முடியாமல் இறந்தார்கள். இனி அப்படியான வீடுகளுக்கு அனுமதி இல்லை என்று அதற்குப் பிறகுதான் நகரம் சொன்னது. நம் 2016 மே வெள்ளத்தில் கொழும்பை ஒட்டிய கொலன்னாவை, வெல்லம்பிட்டியில் தண்ணீர் கூரை வரை ஏறியபோது பணக்காரர் வாழும் கொழும்பு 7இல் வழமையான மழைநாள்தான். படத்தில் அடுத்த நாள் காலையில் திருமதி பார்க் மழையால் வானம் சுத்தமாகிவிட்டது என்று தொலைபேசியில் மகிழும் காட்சிக்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

முடிவைப் பற்றியும் கேட்பீர்கள். கொலைக்குப் பிறகு கி-டேக் அதே நிலவறையில் போய் ஒளிந்துகொள்கிறார். மகன் கி-வூ ஒருநாள் பணம் சம்பாதித்து அந்த வீட்டையே வாங்குவேன், அப்பா நீங்கள் படியேறி வந்தால் போதும் என்று கடிதம் எழுதுவது தேவையில்லாத ஒட்டு என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் அவன் கனவில் வீட்டின் சொந்தக்காரர் மட்டும்தான் மாறுகிறார், வீடு அப்படியே இருக்கிறது. அவனும் அம்மாவும் வெயிலில் நிற்பதாக அவன் கற்பனை செய்யும் அந்தத் தோட்டத்தில்தான் அந்த அடியில் இறந்துபோன மூன்-குவாங்கை கி-டேக் ஒரு மரத்தடியில் புதைத்திருக்கிறார். அவன் அதை அறிந்தவன். கனவில் அவளுக்கு இடமில்லை. நம்பிக்கையூட்டும் முடிவு என்று எழுதியவர்கள் இதைக் கவனித்தார்களா என்று தெரியவில்லை.

மின்சார கண்ணாவுக்கு வருவோம். 1999இல் கே. எஸ். ரவிக்குமார் இயக்கி விஜய் நடித்த படம். ஒஸ்கார் வந்த கையோடு அதன் தயாரிப்பாளர் வழக்குப் போடப் போவதாகச் சொன்னார், சில நாள் செய்தியாக ஓடியது. ஒரு குடும்பத்து ஆட்கள் உறவை மறைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக ஒரு பெரிய வீட்டில் வேலைக்குச் சேர்வது இரண்டிலும் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் ஆள்மாறாட்டம் செய்து பெரிய வீட்டுக்குள் நுழைவது உலகம் முழுக்க நாடகத்திலும் சினிமாவிலும் இருக்கும் பழைய உத்தி. பாங் தன் சொந்த அனுபவத்தைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்: மாணவனாக இருந்தபோது ஒரு பணக்கார வீட்டுப் பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார், அந்த வேலைக்கு அவரைச் சேர்த்துவிட்டவர் ஏற்கெனவே அங்கே பாடம் சொல்லிக்கொடுத்த அவருடைய காதலி. மின்சார கண்ணாவில் வேலையாட்களாக வருகிறவர்கள் உண்மையில் வசதியான குடும்பம், காதலுக்காக வேஷம் போடுகிறார்கள், வேஷம் கலைந்ததும் பெண் கிடைக்கிறாள். வேலைக்காரன் என்பவன் அங்கே உண்மையில் இல்லவே இல்லை, அந்த உடுப்பு மட்டும்தான் இருக்கிறது. கிம் குடும்பத்துக்குக் கலைத்துவிட்டுத் திரும்பிப் போக வேறு வீடு கிடையாது, இருந்ததும் அந்த மழையில் மூழ்கிவிட்டது.